சிவப்புக் காருக்கு அக்கா செய்த ஷொக்

எங்கள் குடும்பத்தில் பெருமை பேசுவதற்கென்றே ஒருத்தி பிறந்திருக்கிறாள் என்று அம்மா சொல்வதுண்டு. அது நான்தான். ஆனால் நான் வாய் ஓயாமல் பேசுகிற பெருமையில் பாதிக்கு மேல் என்னுடையதல்ல, அக்காவுடையது. அதிலும் மாமாவின் சிவப்புக் காரில் குலுக்கல் தாங்கும் முன் ஷொக் இரண்டையும் அக்கா பிரித்துப் புதுசாக்கிய கதையை நான் சொல்லாத இடமே இல்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூடச் சொன்னேன். அவர்கள் கேட்டது என் சமையலைப் பற்றி.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். பிலிமத்தலாவையில் கண்டி வீதியோரம் கராஜ் வைத்திருந்தார். சாதாரணமாகப் பேசினாலே சண்டை பிடிப்பதுபோல் இருக்கும், அவ்வளவு பெரிய குரல். கராஜ்காரர்கள் எல்லோருமே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். கைத்தொலைபேசி அடித்தால் தொடவே மாட்டார். அக்காவிடம் நீட்டி, என்னவென்று கேள் என்பார். வாகனம் வந்து நின்றால் போனட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு அக்காவைப் பார்த்து, எங்கே சத்தம் என்று நீ சொல்லு பார்ப்போம் என்பார். அக்கா சொல்வாள், அவர் தலையாட்டுவார். அக்காவுக்குப் பரீட்சை வைக்கிறார் என்று ஊரே சொல்லிற்று. அவள் ஒருதரமும் தவறியதில்லை என்பதை ஊரில் பரப்பியது நான்.

அந்தச் சிவப்புக் கார் மாமாவின் உயிர். இரண்டே கதவு, தரையோடு தரையாகக் கிடக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஹேவாஹெட்டைப் பக்கம் ஒரு தோட்டத்துத் துரையிடம் மாமா இளவயதில் வாங்கியது. பின் சீட் பேருக்குத்தான் இருந்தது, என் அளவு ஆள்தான் அதில் உட்காரலாம். அதனால் அந்த சீட் எனக்கே சொந்தம் என்று முடிவுகட்டியிருந்தேன். ஆனால் எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் காரின் முன்பக்கம் கெட்டுப்போயிருந்தது. பிரேக் பிடித்தால் மூக்கு தரையை முட்டப் போகும். ஒரு பள்ளத்தில் இறங்கினால் அடுத்த கடைவரைக்கும் ஆடிக்கொண்டே போகும். டொக்கு டொக்கு என்ற சத்தத்தை வைத்தே மாமா வருகிறார் என்று தெருவுக்குத் தெரியும். புது ஷொக் இந்த நாட்டில் கிடைக்காது, இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று மாமாவே சொல்லத் தொடங்கியிருந்தார்.

அக்கா உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு மாமாவோடு கராஜில் நின்ற காலம் அது. கண்டியில் தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் வேலை படிக்கவேண்டும் என்பது அவள் ஆசை. அம்மாவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. நாவலப்பிட்டியில் ஒரு ரயில்வே மாப்பிள்ளை இருப்பதாக யாரோ சொன்னதிலிருந்து அக்காவின் கிரீஸ் படிந்த நகத்தைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அப்பா துணிக்கடையில் வேலை செய்பவர், பிரச்சினை வந்தால் நழுவிவிடுவார். மச்சான் சரியென்றால் எனக்கும் சரி என்று பந்தை மாமாவின் பக்கம் தள்ளிவிட்டார்.

மாமா உடனே சரியென்று சொல்லவில்லை. அக்கா வாய் திறந்து கேட்டதும் காரின் கீழே எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். பிறகு எழுந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இந்தக் காரோட முன் ஷொக்க நீயே செய். ஹேவாஹெட்டைக்குப் போய் ஒரு சத்தமில்லாமத் திரும்பி வரட்டும். நானே உங்கப்பாகிட்ட பேசுறேன். வரலேன்னா, என்கூடவே இரு புள்ள."

நடக்காத காரியத்தைச் சொல்லி மாமா தட்டிக்கழிக்கிறார் என்று அம்மா நிம்மதியானார். எனக்கோ கோபம் கோபமாக வந்தது. அக்கா மட்டும் ஜாக்கை எடுத்துக்கொண்டு காரின் அடியில் போனாள்.

அந்த ஷொக்கின் மேல் ஒரு தடித்த ஸ்பிரிங் இருக்கும். அதை இரண்டு பக்கமும் திருகு பூட்டி நெருக்கினால்தான் ஷொக்கைக் கழற்றலாம். பூட்டு நழுவினால் ஆள் காலி. அக்கா அதைத் திருகும்போது என்னைக் கராஜுக்கு வெளியே துரத்திவிட்டாள். நான் தகரத்து ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்த குழாயைத் திறந்து கவிழ்த்தபோது, கறுப்பாக, தண்ணீர்போலக் கொஞ்சம் ஒயில் வந்தது. ஒயிலைக் கசியவிடாமல் தடுக்கும் ரப்பர் சீல் நைந்து கிடந்தது. உள்ளே ஏறி இறங்குகிற கம்பியில் நகம் சிக்குமளவுக்குக் கீறல்.

கம்பி இரண்டையும் பேப்பரில் சுற்றிக் கண்டிக்குக் கொண்டுபோய், லேத் பட்டறைக்காரரிடம் புதிதாகக் குரோம் ஏற்றித் தேய்த்து வாங்கி வந்தாள். கண்ணாடி மாதிரி இருந்தது, நான் அதில் முகம் பார்த்துப் பொட்டு வைத்தேன். அந்த அளவு சீலுக்கு ஏறாத கடையில்லை. கடைசியில் ஒரு மோட்டார் சைக்கிளின் சீல் அச்சாகப் பொருந்தியது. ஒயில் இரண்டு பக்கமும் சமமாக இருக்கவேண்டும், அளக்க ஒன்றுமில்லை. கோடு போட்ட பாத்திரம் வேண்டும் என்றாள். எங்கள் வீட்டில் கோடு போட்ட பாத்திரம் ஒன்றுதான், கைக்குழந்தையாக இருந்த தம்பியின் பால் போத்தல். நான் அதைக் கொண்டுபோய்க் கொடுத்ததற்கு அம்மாவிடம் வாங்கிய ஏச்சை இங்கே எழுத முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை புறப்பட்டோம். மாமா ஓட்டினார், அக்கா பக்கத்தில், நான் என் சீட்டில். பேராதனைப் பாலம், கண்டி நகரம், தலாத்துஓயா என்று கார் போன போக்கில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மூக்கு குத்தவில்லை, ஆடவில்லை. மாமா வேண்டுமென்றே பள்ளம் பார்த்து இறக்கினார். கார் ஒருதரம் அமுங்கி எழுந்து அமைதியாக நின்றுகொண்டது. ஹேவாஹெட்டைக் கடையொன்றில் பிளேன்டீ குடித்தபோது, இது எங்க அக்கா செய்த ஷொக் என்று கடைக்காரருக்கு நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

திரும்பி இறங்கும்போதுதான் அது வந்தது. ஒரு வளைவில் மெல்ல, டிக். அடுத்த வளைவில் இன்னொரு டிக். மாமா முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்து, சின்னவளே, உனக்கு ஏதும் சத்தம் கேக்குதா என்றார். ஊரே மெச்சும் மெக்கானிக் என்னிடம் கேட்கிறார்! ஒரு சத்தமும் இல்லை மாமா என்று அடித்துச் சொன்னேன். சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பொய்யை அவ்வளவு அழகாகச் சொன்னேன். இனி நாவலப்பிட்டி மாப்பிள்ளை வேறு பெண் தேடட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா முன்னால் பார்த்தபடியே மாமாவை நிறுத்தச் சொன்னாள். அவர் ஓட்டிக்கொண்டே இருந்தார். அவள் அவர் கையைத் தொட்டு, முகத்தைத் தன் பக்கம் திரும்பவைத்து, மறுபடி சொன்னாள்.

"நிப்பாட்டுங்க மாமா. வலது பக்கம் சத்தம் வருது."

எனக்கு அவளைப் பிடித்து உலுக்கவேண்டும்போல் இருந்தது. பரீட்சை வைத்தவரே ஒன்றும் சொல்லாதபோது, எழுதினவள் எழுந்து என் விடை பிழை என்பாளா? இப்படியும் ஒரு மக்கு உண்டா? மாமா காரை ஓரமாக நிறுத்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்ணும் சொல்லலியே புள்ள."

"நீங்க சொல்லல மாமா. ஆனா வருது."

அவள் இறங்கிப் போனட்டைத் திறந்தாள். ஷொக்கின் தலையைப் பிடித்திருக்கும் புது ரப்பர் ஓட்டத்தில் அமுங்கி, நட்டொன்று விரலால் திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. ஸ்பேனர் சாவியால் இறுக்கினாள். மற்றப் பக்கத்தையும் இறுக்கினாள். மாமா இறங்கவேயில்லை, ஸ்டியரிங்கில் கை வைத்தபடி இருந்தார். அவருக்குக் கண்ணில் ஏதோ தூசி.

அங்கிருந்து வீடுவரைக்கும் என்னிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அக்காவைத்தான் கேட்டார். இப்போ? இல்ல மாமா. இப்போ? இல்ல. அவளுடைய பரீட்சைத்தாளை அவளே திருத்த, அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். அநியாயம்தான், ஆனாலும் எங்களுக்குச் சாதகமான அநியாயம் என்பதால் நான் பேசாமல் இருந்தேன்.

வீட்டில் மாமா உட்காரக்கூட இல்லை. வாசலிலேயே அப்பாவிடம் சொன்னார்.

"நானே செஞ்சிருந்தாலும் இவ்வளவு சுத்தமா வந்திருக்காது. அனுப்பி வைங்க மச்சான்."

நான் அந்தத் தெரு முழுக்க ஓடினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு என் சொந்தப் பரீட்சைகளில்கூடக் கிடைத்ததில்லை.

அக்கா காலை பஸ்ஸில் கண்டிக்குப் போகத் தொடங்கிய வாரம், ஒரு வேன் வந்து கராஜில் நின்றது. மாமா போனட்டில் கையை வைத்துக் கண்ணை மூடினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, எங்கே சத்தம் என்று கேட்டுச் சொல் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவின் இடம் எனக்கு! பின் சக்கரத்தில் கிரீச் என்று வருது என்றேன். மாமா இன்னொருதரம் சொல்லச் சொன்னார், நான் சொன்னேன்.

மாலையில் அக்காவிடம் வந்து மார்தட்டினேன். அவள் சிரிக்கவில்லை. என்னை உட்காரவைத்து, மாமாவிடம் எதைச் சொன்னாலும் அவர் எதிரில் நின்று, முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொல்லவேண்டும், காதில் கேட்டதை மட்டும் சொல்லவேண்டும் என்றாள். பெரியவர்களிடம் பேசுகிற மரியாதையைச் சொல்லித் தருகிறாள் என்று நினைத்து, சரி சரி என்றேன். மாமாவுக்குக் காது முக்கால்வாசி போய்விட்டதென்று அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்பதும், தனக்கு இருந்த ஒரே காதை அவர் கண்டி பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. நான் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன், எங்கள் மாமா என்னைக் கேட்காமல் ஒரு நட்டும் கழற்றமாட்டார் என்று.