அயன் பாக்ஸ் போடப் போறேன்

இன்று மதியம் எங்கள் கோச்சடை அபார்ட்மெண்ட் ஆப்பில் ஒரு தகவல்: 'கட்டடத்தில் மின்சுமை கூடிவிட்டது. ஏசியைச் சற்று நேரம் அணைக்கவும்.'

எண்பதுகளில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் எல்லா வீட்டுக்கும் ஒரே ஃபியூஸ்; இரண்டு வீட்டில் ஒரே நேரம் போட்டால் போய்விடும். சட்டை தேய்க்கும் முன் அம்மா முற்றத்தில் நின்று, "அயன் பாக்ஸ் போடப் போறேன்" என்பார்.

"கொஞ்சம் பொறுங்க மதினி, கிரைண்டர் ஓடுது" என்று எதிர்வீட்டு அக்கா குரல் கொடுப்பார். மாவை வழித்ததும், "நிப்பாட்டிட்டேன், நீங்க போடுங்க" என்பார்.

அந்த நினைப்பில் இன்று ஏசியை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து, "நான் நிப்பாட்டிட்டேன், நீங்க போட்டுக்கங்க" என்றேன்.

எதிர் ஃபிளாட்காரர் பாதிக் கதவைத் திறந்து, "யாரைப் பாக்கணும்?" என்றார்.

ஒன்பது வருடமாக எதிரெதிர் வாசல். அவர் பெயரை நானும் ஆப்பில்தான் தேட வேண்டும். உங்களுக்காவது தெரியுமா, எதிர்வீட்டுக்காரர் பெயர்?