ஊதாத விசில்

முக்கூடல் பஸ்ஸில் ஒரு கண்டக்டர். கழுத்தில் விசில் தொங்கும்; ஊதமாட்டார். பஸ்ஸின் தகரத்தில் ஓங்கித் தட்டுவார்.

வெள்ளத்தில் மாட்டிப் பிழைத்தவள் நான். வருஷம் ஒன்று கழிந்தும், பஸ் ஆற்றுப்பாலம் ஏறினால் கண்ணை மூடிக்கொண்டு நடுங்குவேன். ஒருநாள் அவர் அருகில் வந்தார்.

“மனநல டாக்டரைப் பாருங்கக்கா.”

“நான் என்ன பைத்தியமா?” சுள்ளென்று கேட்டேன்.

“நானும் போகுதேம்லா. முன்ன நான் போன பஸ் ஒண்ணு கவுந்த அன்னைக்கு விசில் என் வாயிலதான் இருந்துச்சு. இப்பவும் அதை எடுத்தா சனங்க அலறுதது கேக்கு. இது நோவுக்கா. பைய சரியாகும்.”

போனேன். மாத்திரை, பேச்சு என்று மாதங்கள் ஓடின. ஒருநாள் கண்ணைத் திறந்தபடியே பாலத்தைக் கடந்தேன். திரும்பி அவரைக் கும்பிட்டேன்.

அடுத்த நிறுத்தத்தில் அவர் கை தகரத்துக்குப் போகவில்லை. விசில் சன்னமாகத்தான் ஒலித்தது. ஆனாலும் டிரைவருக்குக் கேட்டுவிட்டது, பஸ் கிளம்பிற்று.