கட்டுப் பிரித்த கை

மாவுக்கட்டைப் பிரித்ததும் உள்ளேயிருந்து வந்தது என் அம்மாவின் கையே இல்லை. வாடிய முருங்கைக்காய் போல மெலிந்து, தோல் உரிந்து, வெளுத்துப் போயிருந்தது. தில்லிக் குளிரின் ஆரம்பத்தில் குவார்ட்டர்ஸ் படியில் வழுக்கி விழுந்து அம்மா முறித்துக்கொண்டது நல்ல சதைப்பிடிப்பான வலது கை. ஆஸ்பத்திரியில் மாற்றிவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஒரு ஸ்வெட்டரைக் காட்டிவிட்டு வேறொன்றைப் பொட்டலம் கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

டாக்டரிடமே கேட்டுவிட்டேன். “காம் நஹீ தோ ராஷன் நஹீ, பிட்டியா” என்று அவர் சிரித்தார். வேலை செய்யாத சதைக்கு உடம்பு சாப்பாட்டைக் குறைத்துவிடுமாம். அதன் அணுக்கள் செத்துப்போகாமல் சுருங்கிக்கொண்டு காத்திருக்குமாம். வேலை கொடுத்தால் பழையபடி தேறிவிடுமாம். ரேஷன் கடைக்காரரின் தராசையே நம்பாத எனக்கு இது போதவில்லை.

வீட்டுக்கு வந்ததும் விசாரணையைத் தொடங்கினேன். அம்மாவின் இரண்டு கைகளையும் என் மடியில் வைத்து ஒப்பிட்டேன். வலதாவது பரவாயில்லை, இடது முன்கை கட்டை மாதிரி இறுகிக் கிடந்தது, உள்ளங்கை சொரசொரவென்று காய்த்துப் போயிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அப்பா, இந்தக் கையும் நம்ம அம்மாது இல்லப்பா!”

“அட போ பாப்பா! ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட விட்டேனா உங்கம்மாவை? ராணி மாதிரில்ல உக்கார வச்சிருந்தேன்” என்றார் அப்பா.

அது உண்மைதான் என்று கோர்ட்டில்கூட சாட்சி சொல்லியிருப்பேன். இடது கையால் சோறு பரிமாறுவது எங்கள் வீட்டில் ஆகாது. அதனால் அந்தக் குளிர்காலம் முழுக்கக் கரண்டி அப்பாவிடம்தான் இருந்தது. நலம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் அவர் பரிமாறிய சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, இப்படி ஒரு வீட்டுக்காரர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஸ்டவ்வுக்குப் பம்ப் அடித்தது, ஜில்லென்ற தண்ணீரில் பாத்திரம் தேய்த்தது, எங்கள் போர்வைகளைப் பிழிந்தது எந்தக் கை என்று யாரும் கேட்கவில்லை.

“நீயே சொல்லும்மா” என்றேன்.

அம்மா அப்பாவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு இடது கையை என் மடியிலிருந்து எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

டாக்டர், கம்பவுண்டர், கட்டுப் போட்ட நர்ஸ் என்று ஒருவரையும் விடாமல் சந்தேகப்பட்ட எனக்கு, எதிரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த அப்பாவை மட்டும் சந்தேகிக்கத் தோன்றவே இல்லை.