சட்டி கழுவிய தண்ணீர்

தெருவில் அவளை நூலுருண்டை என்றுதான் சொல்வார்கள், அதுவும் முகத்துக்கு நேராகவே. கடையில் பொட்டலம் கட்டித் தரும் நூலை அவள் அறுத்ததே கிடையாது. முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்த்து, அடுக்களை ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் உருண்டையில் சுற்றிவிடுவாள். பதினாலு வருஷத்தில் அது ஒரு கைக்குழந்தையின் தலை அளவுக்கு வளர்ந்துவிட்டது. "எங்க வீட்ல ரெண்டாவது பிள்ளை அதுதான்" என்பார் அவள் புருஷன். அவருக்குத் தெருமுனையில் பஞ்சர் கடை.

அவள் அடுக்களையில் குப்பைக்கூடைக்குத்தான் பட்டினி. கேரட் தோல், கோஸின் நடுத்தண்டு, உருளைக்கிழங்குத் தோல் எல்லாம் சேர்ந்து சூப்பாகும். காய்ந்த ரொட்டியைப் பொடித்துப் போட்டால் அதே சூப் கெட்டியாகும். ஆப்பிள் வந்த மரப்பெட்டி ஒன்றில் கிழிந்த ஸ்வெட்டர்களைத் திணித்து வைத்திருந்தாள். பருப்பு ஒரு கொதி வந்ததும் சட்டியை இறக்கி அதற்குள் வைத்துப் பொதிந்து மூடிவிடுவாள். ஒன்றரை மணி நேரத்தில் தீயில்லாமலே வெந்திருக்கும். சிலிண்டர் கொண்டுவருகிறவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து, "ஊர்லதான் இருக்கீங்களா அக்கா?" என்று விசாரித்துவிட்டுப் போவார்.

இப்படி மிச்சம் பிடித்த காசில்தான் பஞ்சர் கடைக்குக் காற்றடிக்கிற மெஷின் வந்தது. அதைத் தட்டிக்காட்டி, "தோல் சூப்புல ஓடுற மெஷின் சார் இது" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பெருமையடிப்பார் பஞ்சர்காரர். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தெரியாதது ஒன்று இருந்தது. லாரி ஜாக்கி நழுவி அவர் மணிக்கட்டு உடைந்து, கடை எட்டு மாதம் பூட்டிக் கிடந்தது. மறுபடி திறந்தபோது மெஷின் இல்லாமல் ஒரு வண்டியும் நிற்கவில்லை. கடை பூட்டியதிலிருந்து மெஷினுக்குக் காசு சேர்கிறவரை, இரண்டு வருஷம், புருஷனும் மகளும் சாப்பிட்டு எழுந்த பிறகு, காலியான சட்டியில் வெந்நீர் ஊற்றி, உப்புப் போட்டு, ஒரு சுழற்றுச் சுழற்றி அவள் குடித்துவிடுவாள். முக்கால்வாசி நாள் அவளுக்குச் சாப்பாடு அதுதான். கேட்டால், "சமைக்கும்போதே சாப்ட்டுட்டேனே" என்பாள்.

இதை அவள் ஒரே ஒருத்தரிடம்தான் சொல்லியிருந்தாள், பக்கத்து வீட்டு மருந்துக்கடை அக்காவிடம். இரண்டு வீட்டு அடுக்களை ஜன்னலும் கை நீட்டினால் தொடுகிற தூரம். பன்னிரண்டு வருஷமாக அந்த இடைவெளியில் உப்பு, தீப்பெட்டி, ஊர்வம்பு எல்லாம் போய்வந்தன. அக்கா வசதியானவர். அவருக்குப் பசி என்றால் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. அவருக்குத் தெரிஞ்சா சோறு இறங்காது."

"என் வாயிலேர்ந்து வருமாடி?"

வாயிலிருந்து வரவில்லைதான். பேனாவிலிருந்து வந்தது.

வாரப் பத்திரிகை ஒன்றில் சிக்கனச் சமையல் போட்டி. முதல் பரிசு அக்காவுக்கு, ஏழு பாத்திரம் அடங்கிய புது செட். பத்தாவது படிக்கிற மகள்தான் பத்திரிகையைக் கொண்டுவந்து சாப்பிடும்போது சத்தமாக வாசித்தாள். தோல் சூப் வந்தது. ரொட்டிப்பொடி வந்தது. மரப்பெட்டி, ஸ்வெட்டர் உட்பட வந்தது. கரண்டியோடு நின்ற நூலுருண்டைக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஜன்னல் வழியாகப் போன உப்புத்தான் இதுவரை திரும்பி வந்ததில்லை, சமையலுமா?

அப்புறம் கடைசிப் பத்தி வந்தது. "வீட்டார் சாப்பிட்ட பின் சட்டியில் வெந்நீர் ஊற்றிக் குடித்துவிட்டுப் படுத்த நாட்கள் எத்தனையோ. அதை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை."

மகள் பத்திரிகையைக் கீழே வைத்தாள். பஞ்சர்காரர் கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"பாவம்டி அந்தம்மா. நாலு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்துட்டு வா."

"தரேன்" என்றாள் அவள். அன்றைக்குச் சட்டியை ரொம்ப நேரம் தேய்த்தாள்.

வேறென்ன செய்ய முடியும்? அது என் பசி என்று சொன்னால், யாருக்குத் தெரியக்கூடாது என்று மூடி வைத்தாளோ அவர்களுக்கே தெரிந்துவிடும். அக்கா இதையும் கணக்குப் போட்டுத்தான் எழுதியிருப்பார் என்று பாத்திரம் தேய்க்கும்போது புரிந்தது.

இரண்டு நாள் கழித்து ஜன்னலில் அக்காவின் தலை தெரிந்தது.

"அடியே நூலு, ஞாயித்துக்கிழமை பத்திரிகைக்காரங்க படம் பிடிக்க வராங்கடி. உன் பெட்டியையும் அந்த நசுங்கின சட்டியையும் ஒருநாள் குடேன். என்கிட்ட எல்லாம் புதுசா இருக்கு, நம்ப மாட்டாங்க."

இப்படியும் ஒரு முகம் உண்டா என்று அவள் பார்த்தாள். அந்த முகத்தில் ஒரு வியர்வைத் துளி கூட இல்லை.

"எடுத்துக்குங்கக்கா. எல்லாத்தையும்தான் எடுத்துக்கிட்டீங்களே."

"போடி, விளையாட்டுக்காரி!"

அந்தச் சட்டியின் அடியில் குண்டூசி முனையளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. சமைக்கும்போதெல்லாம் வெளிப்பக்கம் மாவு உருட்டி அப்பி அடைப்பாள். தீயில் அது கல்லாய் இறுகும். சட்டி காலியானபின் ஒரு தட்டுத் தட்டினால் உதிர்ந்துவிடும். இதை மட்டும் அவள் அக்காவிடம் சொன்னதில்லை. ஒரு சமையலுக்குத் தாங்குகிற மாதிரி மாவை அப்பி, துடைத்து, பளபளவென்று கொடுத்தனுப்பினாள். அந்த வாரம் முழுக்க அவளுக்கு ஒரு குஷி. பாத்திரம் தேய்க்கும்போது முணுமுணுவென்று ஏதோ பாட்டு வேறு.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு அடுக்களையில் தெருவே நின்றது. பஞ்சர்காரர் வாழைப்பழத்தோடு வந்திருந்தார். சமையல் முடிந்தது. அடைப்பும் தாங்கியது. ஆளுக்கு ஒரு கரண்டி சூப் குடித்து ஆகாவென்றார்கள்.

"அந்தத் தண்ணி குடிக்கிறது ஒண்ணு எடுத்துடலாம்மா" என்றாள் பத்திரிகைக்காரப் பெண். "எல்லாரையும் அழ வெச்சது அதுதான்."

அக்கா வெந்நீரை ஊற்றினார், உப்பைப் போட்டார். சும்மா இருக்கக்கூடாதா? காமிராவுக்காகக் கரண்டியால் சட்டியை டங்கென்று ஒரு தட்டும் தட்டி, இரண்டு கையாலும் ஏந்தி வாயருகே கொண்டுபோனார். மாவு கழன்று விழுந்தது. வெந்நீர் கம்பியாய் இறங்கி அக்காவின் கையெல்லாம் ஓட, "ஐயோ, ஐயோ!" என்று அவர் குதித்தார்.

நூலுருண்டை காத்திருந்தது இந்தக் குதிப்புக்காகத்தான். ஆனால் அவள் கண் குதித்த காலைப் பார்க்கவில்லை. பருப்பும் கேரட்டுமாய்ச் சட்டியில் ஒட்டியிருந்ததன் சாரம் அத்தனையும் தரையில் வீணாகப் போவதைத்தான் பார்த்தது. புத்தி தடுப்பதற்குள் கை நீண்டுவிட்டது. குனிந்துகூடப் பார்க்காமல் இடது நடுவிரலைச் சட்டியின் அடியில் வைத்தாள். ஒழுகல் நின்றது.

"எப்படிம்மா பார்க்காமலே கண்டுபிடிச்சீங்க?" என்றாள் பத்திரிகைக்காரி.

"அவளோட சட்டி, இரவல் வாங்கினேன். என்னோடது தேஞ்சு போச்சு" என்று அக்கா அவசரமாகச் சிரித்தார்.

மகள் சிரிக்கவில்லை. அம்மாவின் அந்த விரல் நுனியில் மிளகு அளவில் ஒரு தழும்பு உண்டு. சின்ன வயதில் கேட்டதற்கு, "இஸ்திரிப் பெட்டி சுட்டது" என்று பதில் வந்தது. நாள்கணக்காகக் குடித்ததாக எழுதியவருக்கு ஓட்டை தெரியவில்லை, ஓட்டை தெரிந்த விரலில் வெந்நீர் சுட்ட தழும்பு இருக்கிறது. மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஏற்கனவே அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாழைப்பழத்தை யாரிடமும் கொடுக்காமல் வெளியே போனார்.

சாயங்காலம் ஜன்னல் வழியாகப் பெட்டியும் பழைய சட்டியும் திரும்பி வந்தன. கூடவே பரிசு செட்டிலிருந்து ஒரு புதுச் சட்டி, அட்டைப்பெட்டியில், நூல் கட்டி.

"கோவமாடி? உன் பேரை நான் எங்கயாவது சொன்னேனா? வெளியில சொல்லக்கூடாதுன்னு கேட்டவளே நீதானே."

"தோல் சூப்பை எடுத்துக்கிட்டீங்க, பெட்டியை எடுத்துக்கிட்டீங்க, போகட்டும். என் பசியை எதுக்குக்கா எடுத்தீங்க? யாருக்கும் பங்கு வைக்காம நான் வெச்சிருந்தது அது ஒண்ணுதான்."

இனாமாக வந்த ஒரு பொருளை நூலுருண்டை திருப்பிக் கொடுத்தது பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான். நூலை மட்டும் நிதானமாக அவிழ்த்து எடுத்துக்கொண்டு, சட்டியை அந்தப் பக்கம் தள்ளி, ஜன்னலைச் சாத்தினாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே அந்தக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதே இல்லை. கீல் துருப்பிடித்திருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் பஞ்சர்காரர் கரண்டியை அவளிடமிருந்து வாங்கி, முதல் தட்டை அவள் முன்னால் வைத்தார்.

"சாப்பிடு."

"நான் சமைக்கும்போதே..."

"சாப்பிடு." அவர் குரல் உயரவில்லை. "அந்தம்மா திருடினது ஒரு கதை. எங்க ரெண்டு பேரையும் ஏமாத்தினது நீ. நீயும் சாப்ட்டேன்னு நம்பித்தானே நான் வயிறு முட்டத் தின்னேன்? கடையில நின்னு தோல் சூப்பு மெஷின், தோல் சூப்பு மெஷின்னு இளிச்சேனே... கூட நிக்க என்னையும் கூப்பிட்டிருக்கலாம்ல?"

மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்துத்தான் அவள் அதைச் செய்தாள். மகள் கன்னத்தில் கை வைத்து எதிரே உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு கவளமும் இறங்குகிறதா என்று நாலு கண் பார்க்க, அவள் தட்டைக் காலி செய்தாள். அவ்வளவு கஷ்டப்பட்டு அவள் என்றைக்கும் பட்டினி கிடந்ததில்லை.

பிறகு அவர் எழுந்து காலிச் சட்டியில் வெந்நீர் ஊற்றினார். உப்புப் போட்டார், அதுவும் ஒரு கை அதிகமாகவே. சுழற்றி, அடியில் விரலை வைத்து, தூக்கிக் குடித்தார். பாதி வாய்க்குள் போனது, பாதி அவர் மடியில் ஒழுகியது.

"எங்கதான்டி இருக்கு அந்த ஓட்டை?"

கண்ணைத் துடைக்காமலே அவள் சொன்னாள். "விரலைக் கொஞ்சம் இடதுபக்கம் நகத்துங்க."