என் குரல் ரிங்டோனான வருடம்

கீரனூரிலிருந்து திருச்சிக்குப் போகும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்துவிட்டால், கல்லூரிப் பாடத்தைப் புரட்டாமல் பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொண்டே போவது என் வழக்கம். கூடப் படிக்கும் தோழிகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்களுக்குப் பள்ளிக்கூடம் என்றால் டெஸ்டும் திட்டும்தான். எனக்கு அது எங்கள் ஊரிலிருந்து மூன்றாவது ஸ்டாப்பில் இருந்த அரசு மேல்நிலைப் பள்ளி. மதியம் சத்துணவுக் கூடத்திலிருந்து வரும் சாம்பார் வாசனை. ஒரே பெஞ்சில் என் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தோழி. என் வாழ்க்கையிலேயே மோசமான சில வாரங்களும் அங்கேதான் நடந்தன. ஆனாலும் ஏக்கம் அந்தப் பக்கமாகவே போகிறது. அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். எல்லாச் சொல்லும் திக்காது. 'க'வும் 'ப'வும் சொல்லின் முதலில் வந்தால் தொண்டையில் கதவு சாத்திக்கொள்ளும். வீட்டில் அதை யாரும் பெரிதாக நினைத்ததில்லை. அப்பா குவைத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மா இரண்டு மாடுகளையும் என்னையும் பார்த்துக்கொண்டாள். நான் ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டால் அம்மா கையிலிருக்கும் வேலையைச் செய்துகொண்டே இருப்பாள். முகத்தைப் பார்க்க மாட்டாள், மீதிச் சொல்லைச் சொல்லித் தரவும் மாட்டாள். சொல் வந்ததும் பதில் சொல்லுவாள். எல்லா வீட்டிலும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன்.

கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடத்தை மூடியபோது நான் ஒன்பதாவது. அப்பா ஒரு போன் வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தார். வகுப்புக்கு ஒரு வாட்ஸப் குழு வந்தது. ஒருநாள் தமிழ் டீச்சர், மனப்பாடச் செய்யுளைச் சொல்லி எல்லோரும் ஆடியோ அனுப்ப வேண்டும் என்று போட்டிருந்தார். எங்கள் வீட்டில் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில்தான் சிக்னல் எடுக்கும். அங்கே நின்றுகொண்டு சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். எத்தனை முறை பதிந்தாலும் 'பறவை' என்ற சொல்லில் வந்து நின்றது. கடைசியில் அலுத்துப்போய் ஒன்றை அப்படியே அனுப்பிவிட்டேன். டீச்சர் பூங்கொத்துப் படம் போட்டு, நன்று என்று எழுதியிருந்தார். அன்று சாயங்காலம் முழுக்க அந்தப் படத்தையே எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடம் திறந்தபோது நாங்கள் பத்தாவதுக்கு வந்திருந்தோம். யூனிபார்ம் எல்லோருக்கும் குட்டையாகிப் போயிருந்தது. வாசலில் நெற்றியில் காய்ச்சல் பார்த்து உள்ளே விட்டார்கள். மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்களை வைத்து யார் யார் என்று கண்டுபிடித்ததே பெரிய விளையாட்டாக இருந்தது. சேர்ந்து உட்காரக்கூடாது என்று சொல்லியும் நானும் தோழியும் பழைய பெஞ்சிலேயே போய் ஒட்டிக்கொண்டோம். அந்த முதல் வாரத்தின் சந்தோஷம் போல ஒன்றை நான் பிறகு அனுபவித்ததில்லை.

அடுத்த வாரம் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தபோது பின்னால் யாருடைய போனோ அடித்தது. பறை அடிக்கிற மாதிரி ஒரு தாளம், அதற்கு மேல் ஒரு பெண் குரல், "ப... ப... ப...". கடைசியில் ஆட்டோ ஹாரன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. இரண்டாவது தடவை அடித்தபோதுதான் அது என் குரல் என்று தெரிந்தது.

செய்தவன் எங்கள் வகுப்புப் பையன். கடைசி பெஞ்சில் உட்காருவான். போனில் பாட்டையும் பேச்சையும் வெட்டி ஒட்டுவதில் கெட்டிக்காரன். எங்கள் கணக்கு சாரின் இருமலை வைத்து அவன் செய்திருந்த பாட்டுக்கு நானே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். குழுவிலிருந்து என் ஆடியோவை எடுத்துத் தாளம் சேர்த்து நண்பர்களுக்கு அனுப்பியிருக்கிறான். அவர்கள் மற்றவர்களுக்கு அனுப்ப, பள்ளிக்கூடத்தைத் தாண்டி ஊர் ஊராகப் போய்விட்டது. வகுப்பில் நான் எழுந்து நின்றாலே யாராவது ஒருவன் மேஜையில் அந்தத் தாளத்தைத் தட்டுவான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மளிகைக் கடையில் நடந்ததுதான் என்னை உடைத்தது. அம்மா புளி வாங்கி வரச் சொல்லியிருந்தாள். கடைக்காரர் நல்ல மனுஷர். சின்னப் பிள்ளையிலிருந்து எனக்கு வெல்லக்கட்டி எடுத்துக் கொடுப்பவர். அன்றும் கையில் வைத்துவிட்டு, "அப்பா எப்ப வாராக?" என்று கேட்டார். நான் பதிலுக்கு வாயெடுப்பதற்குள் அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. என் குரல். அவர் சிரித்துக்கொண்டே எடுத்துப் பேசினார். அது யாருடையது என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் பேசி முடிப்பதற்குள் புளி வாங்காமலேயே வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

அதன்பின் நான் பேசுவதையே விட்டுவிட்டேன். வீட்டிலும் தலையாட்டல்தான். தொண்டைக்கட்டு என்று அம்மா இஞ்சியும் மிளகும் தட்டிப்போட்டுக் காய்ச்சிக் கொடுத்தாள். கடைசியில் தோழி எங்கள் வீட்டுக்கு வந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, போனில் அதைப் போட்டும் காட்டினாள். அம்மா முழுதும் கேட்டாள். சிரிப்புக்காக வைத்த ஹாரன் வரைக்கும் கேட்டாள். அப்புறம் என் பாடப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னாள். மாணவர்கள் உதவிக்குக் கூப்பிடலாம் என்று அதன் பின்னால் ஒரு போன் நம்பர் அச்சுக் குத்தியிருந்தார்கள். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். எண்களைத் தோழி படிக்கப் படிக்க அம்மா அழுத்தினாள்.

எதிர்முனையில் பேசிய பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என்னிடமும் பேச வேண்டும் என்றார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுதேன். அவர் காத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் இதற்கென்று ஒரு குழு இருக்க வேண்டும், தலைமையாசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள், சைபர் கிரைம் போலீஸிலும் புகார் கொடுக்கலாம், உங்கள் விருப்பம் என்று அம்மாவிடம் விளக்கினார். போலீஸ் என்ற சொல்லை அம்மா பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அம்மா எனக்கு முன்னாலேயே பள்ளிக்கூடத்தில் இருந்தாள். எங்கள் தலைமையாசிரியை திருக்கோகர்ணத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். அவர் வந்து இறங்கியதுமே அம்மா வழியை மறித்துக்கொண்டாள்.

"எம்புள்ள பேச்ச வச்சு ஊரே சிரிக்கிது டீச்சர். இதுக்குச் சட்டம் இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க" என்றாள்.

தலைமையாசிரியை அம்மாவை உள்ளே அழைத்துப் போனார். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் ஒருவரை ஒருவர் கேலி செய்வதற்கென்று தனியாக ஒரு சட்டம் இருப்பதாகத் தனக்குத் தெரியவில்லை, போனிலும் நெட்டிலும் செய்கிற தப்புகளுக்குச் சட்டம் இருக்கிறது, இது அதில் வருமா என்பதைப் போலீஸ்தான் சொல்ல வேண்டும் என்றார். அதற்கு முன்னால் குழுவைக் கூட்டுகிறேன், அதில் உங்களுக்குத் திருப்தி இல்லையென்றால் நானே உங்களோடு ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்றும் சொன்னார். அம்மா சரியென்றாள்.

குழு சயின்ஸ் லேபில் கூடியது. அங்கேதான் எல்லோருக்கும் போதுமான ஸ்டூல்கள் இருந்தன. தலைமையாசிரியை, தமிழ் டீச்சர், பெற்றோர் சார்பில் இரண்டு பேர், அம்மா, நான். எதிரே அந்தப் பையனும் அவன் அம்மாவும். அவன் அப்பாவும் வெளிநாட்டில்தான். அவன் அம்மா உள்ளே வந்ததும் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். தலைமையாசிரியை அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்று பெற்றோர்களில் ஒருவர் சொன்னார். அம்மா போலீஸ் என்றாள். பையன் மாஸ்க்குக்குள் அழுதுகொண்டிருந்தான்.

தலைமையாசிரியை என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. எவ்வளவு நேரமானாலும் பரவாயில்ல. யாரும் குறுக்க பேச மாட்டோம்."

எழுந்து நின்றேன். 'குரல்' என்ற சொல்லில்தான் ஆரம்பிக்க வேண்டியிருந்தது. கதவு சாத்திக்கொண்டது. மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் எனக்காக அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. அம்மா எப்போதும் போல என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கு... குரல் என்னோடது. கே... கேக்காம எடுத்துட்டான். டி.சி. வேண்டாம். போ... போலீஸும் வேண்டாம். யார் யாருக்குப் போச்சோ, அவங்ககிட்ட எல்லாம் அவனே போயி அழிக்கச் சொல்லணும்."

சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. தமிழ் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதுவே முடிவானது. நடந்ததை எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்ட தலைமையாசிரியை, இன்னொரு தடவை நடந்தால் புகாரைத் தானே போலீஸுக்குக் கொண்டுபோவேன் என்று அவனிடமும் அவன் அம்மாவிடமும் சொன்னார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அம்மாவுக்கு ஆறவில்லை. வீட்டு வாசலுக்கு வந்ததும்தான், "நல்லாத்தான் பேசுன தாயி" என்றாள்.

அவன் சைக்கிளில் கிளம்பினான். பள்ளிக்கூடம் விட்டதும், சனி ஞாயிறுகளிலும் ஊர் ஊராகப் போனான். ஒருவரிடம் போனால் அவர் இன்னும் நாலு பேரைச் சொல்லியிருக்கிறார். சிலர் திட்டினார்களாம், சிலர் அவன் சொன்னதைக் கேட்டு மறுபடியும் போட்டுச் சிரித்தார்களாம். ஒரு நாள் மளிகைக் கடைக்காரர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. "நீதான்னு தெரியாம வச்சிருந்தேன் ஆத்தா. அந்தப் பய வந்து சொன்னதும் ஒடம்பே கூசிப்போச்சு" என்றார். போனை நீட்டி, வேறு ஏதாவது வைத்துக் கொடு என்றார். பழைய கால டெலிபோன் மணியை வைத்துக் கொடுத்தேன்.

வகுப்பில் அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உங்கள் வகுப்புக்கு நீங்களே ஒரு சட்டம் போடுங்கள் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். ஒரு பீரியட் முழுக்கச் சண்டை. ஒருவரைக் கேட்காமல் அவருடைய போட்டோவோ குரலோ எடுக்கக்கூடாது என்பதில் தகராறு இல்லை. நமக்கு வந்ததை அடுத்தவனுக்கு அனுப்பினால் அதுவும் தப்பா என்று ஒருவன் கேட்டதும் எல்லோரும் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார்கள். ஏனென்றால் அநேகமாக எல்லோரும் அனுப்பியிருந்தார்கள். என் தோழிதான் எழுந்தாள். "தப்புதான். நானும் ஒருத்திக்கு அனுப்பிட்டேன். அப்புறந்தான் இவ அம்மாகிட்ட போனேன்" என்றாள். எனக்கு அது அதுவரை தெரியாது. நான் அவளைப் பார்த்தேன், அவள் கரும்பலகையைப் பார்த்தாள். மதியம் அவள் தன் முட்டையை என் தட்டில் வைத்தாள், நான் பாதியைத் திருப்பி வைத்தேன். அத்தோடு முடிந்தது.

அந்த வருடக் கடைசியில் எங்களைச் சித்தன்னவாசலுக்குக் கூட்டிப்போனார்கள். குகைக்குள், இங்கே நின்று முணுமுணுத்தால் அறை முழுக்கக் கேட்கும் என்று காவலாளி செய்து காட்டினார். எல்லோரும் வரிசையாகச் செய்தார்கள். என் முறை வந்தபோது நானும் வாயை மூடிக்கொண்டு ம் என்று இழுத்தேன். சொல்லே இல்லாததால் எங்கேயும் தடுக்கவில்லை. கல்லெல்லாம் என்னோடு சேர்ந்து முழங்கியது. வெளியே வந்து கூட்டமாக உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். வெயில், பாறைச் சூடு, யாரோ தட்டிவிட்ட தண்ணீர் பாட்டில், அதற்கொரு சண்டை. இப்போதும் பஸ்ஸில் கண்ணை மூடினால் அந்த மதியம் வருகிறது.

போன பொங்கலுக்கு அந்தப் பையனைக் கீரனூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கோயம்புத்தூரில் ஏதோ வொர்க்‌ஷாப்பில் வேலை, லீவில் வந்திருக்கிறான். அவனாகவே பக்கத்தில் வந்து எப்படி இருக்கிறாய் என்று கேட்டான். கல்லூரி, படிப்பு என்று சொன்னேன். 'கல்லூரி' வழக்கம்போல நேரமெடுத்தது. அவன் பையைத் தோள் மாற்றிக்கொண்டு நின்றான்.

"எல்லாத்தையும் அழிச்சேனான்னு இன்னும் தெரியல" என்றான்.

எனக்கும் தெரியாது என்றேன். தோழிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, வகுப்பில் எல்லோரையும் கூப்பிடச் சொல்லியிருக்கிறாள் என்றும் சொன்னேன். தேதி கேட்டான். சொன்னேன். திருச்சி பஸ் வந்து நின்றதும் கூட்டம் முண்டியடித்தது, நான் ஏறிவிட்டேன்.