ஏழாவது புள்ளி

கடலில் கால் நனைக்காமலேயே பதினெட்டு வருஷம் கடலடியை அளந்தவள் அவள். அளவைத் துறையின் மூன்றாம் மாடியில் சன்னல் இல்லாத அறை. கப்பல்கள் ஒலி அனுப்பி எடுத்துவரும் ஆழங்களைத் திரையில் வரைபடமாக்குவது வேலை. அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே ‘ஆழக்கா’தான்.

கரையிலிருந்து இருநூறு கடல் மைலுக்கு அப்பாலும் கடலடி தன்னுடையதே என்று நாடு கோரப்போனது. வாயால் சொன்னால் போதாது. நிலம் தண்ணீருக்குள் சரிந்து இறங்கி முடியும் அடிவாரத்தைப் புள்ளி புள்ளியாகக் காட்ட வேண்டும். அங்கிருந்து இன்னும் அறுபது மைல் கேட்கலாம். பல நாட்டு நிபுணர்கள் அடங்கிய குழு அதைச் சல்லடை போட்டுச் சலிக்கும்.

ஏழாவது புள்ளி மட்டும் நாற்பது மைல் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அங்கே இரண்டு கப்பல் தடங்கள் ஒன்றையொன்று வெட்டின. வெட்டும் இடத்தில் இரண்டும் ஒரே ஆழத்தைச் சொல்ல வேண்டும். அறுநூறு மீட்டர் வித்தியாசம் இடித்தது. மூலப் பதிவைத் தேடி எடுத்தாள். ஒரு தடத்தை யாரோ பிடித்துத் தள்ளியிருந்தார்கள். திருத்தியது இயக்குநரின் கணினிக் கணக்கிலிருந்து. இயக்குநர் அவளுடைய பெரியப்பா மகன். இந்த வேலைக்கு அவளைக் கொண்டுவந்தவரும் அவரே.

அவள் போய்ச் சொன்னபோது அவர் கதவைச் சாத்தினார்.

“வேலிக்கல்லக் கொஞ்சம் தள்ளி நட்டா யாரும்மா பாக்கப்போறாங்க? அதுவும் தண்ணிக்கடியில.”

“மூலத்தக் கேப்பாங்க அண்ணே.”

“கேட்டா நீதான் பதில் சொல்லணும். வரைஞ்சது நீன்னுதான் அதுல இருக்கு.”

மறுவாரம் பதிவுகள் இருந்த அலமாரிக்குப் பூட்டு மாறியது. எதிர் மேசைக்கு ஒருவர் வந்து உட்கார்ந்தார். வேலை எதுவும் செய்யவில்லை. மதியம் அவள் சாப்பிடும்போது மட்டும் நிமிர்ந்து பார்த்தார். வீட்டில் கணவன், “உன் அண்ணன் போன் பண்ணாரு. ஊரோட ஒத்துப்போகச் சொன்னாரு,” என்றான்.

நான்கு மாதம் கழித்து, கோரிக்கையை முன்வைக்கப் போனவர்களோடு, வரைந்தவள் என்பதால் அவளையும் வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். நீள மேசையின் அந்தப் பக்கம் ஏழு நிபுணர்கள். மூன்றாம் நாள் ஒருவர் ஏழாவது புள்ளியில் விரலை வைத்து, இதன் மூலப் பதிவு இருக்கிறதா என்று கேட்டார். பக்கத்திலிருந்த அண்ணன் அவளைப் பார்க்காமல் பேனாவை மூடினார்.

பூட்டு மாறுவதற்கு முன்பே பிரதி எடுத்து வைத்திருந்தாள். அதை மேசையில் வைத்து, இந்தப் புள்ளி நிற்காது என்றாள்.

எல்லைக்கோடு அந்த இடத்தில் உள்ளே வந்தது. மற்ற புள்ளிகளைக் குழு ஏற்றது. அவளுக்கு வேலை போனது. செய்தித்தாள்கள் கடலை விற்றவள் என்று எழுதின. அண்ணன் வீட்டிலிருந்து யாரும் வருவதில்லை. தெருமுனையில் ஒரு சாம்பல் நிறக் கார் காலையில் வந்து நிற்கிறது. அவள் காய்கறி வாங்கப் போனால் மெதுவாகப் பின்னாலேயே வருகிறது.