மடியில் மூன்று பீஸ் கட்டைகள்

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் மோட்டார் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருஷமாகத் தெருமுனை பம்ப் அறையில் மோட்டாரைப் போடுவதும் அணைப்பதும் அவள்தான். அறுபது வீட்டுத் தொட்டியும் அவள் கையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும்.

அவள் புருஷனுக்கு மின் நிலையத்தில் வேலை. அங்கே நீராவியைக் குளிரவைக்க ஆற்றுத் தண்ணீர் வேண்டும். ஆறு வற்றியதும் இரண்டு இயந்திரத்தில் ஒன்றை நிறுத்திவிட்டார்கள். ஊருக்கு நாளைக்கு இரண்டே மணி நேரம் கரண்ட். கரண்ட் இல்லாமல் மோட்டார் என்ன, மந்திரத்திலா ஓடும்? வீட்டில் தினமும் இதே பாட்டுதான்.

"நீங்க கரண்ட்டைக் குடுங்க, நான் தண்ணி தர்றேன்" என்பாள் இவள்.

"நீ ஆத்துல தண்ணிய விடு, நான் கரண்ட்டு தர்றேன்" என்பார் அவர்.

இரண்டுக்கும் சேர்த்துத் திட்டத் தெருவுக்கு ஒரே வாசல் கிடைத்தது. வசதியாகப் போயிற்று.

கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் வீட்டுக்கு வீடு, குழாயில் மாட்டிய சின்ன மோட்டாரின் சுவிட்சை அணைக்காமலே வைத்திருப்பார்கள். கரண்ட் வந்ததும் நாமே முதலில் உறிஞ்சிவிட வேண்டுமென்ற ஆசை. குழாயில் சொட்டுத் தண்ணீர் வருவதற்கு முன்பே அத்தனையும் ஒன்றாகக் காற்றை உறிஞ்சும். வோல்டேஜ் விழுந்துவிடும். பெரிய மோட்டார் சுற்ற முடியாமல் முனகும். முனகி முனகியே இரண்டு தரம் எரிந்து, உள்ளே இருக்கும் காயில் கம்பியைப் புதிதாகக் கட்டிக் கொண்டுவந்தாயிற்று. "இன்னொரு தரம் எரிஞ்சா கட்ட முடியாதும்மா, தூக்கிப் போட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டார் மெக்கானிக். புதுசு வர மாசக்கணக்காகும். அதுவரை அறுபது வீடும் எதைக் குடிக்கும்?

அன்று காலை பத்து மணிக்குக் கரண்ட் வந்தது. போர்டில் வோல்டேஜ் முள் பாதியிலேயே படுத்துக் கிடந்தது. மோட்டார் அக்கா பார்த்தாள். மோட்டாருக்குக் கரண்ட் போகும் மூன்று பீஸ் கட்டையையும் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டாள். வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

குடத்தோடு வந்தாள் தையல்காரி. "என்னக்கா, கரண்ட் வந்தும் உக்காந்திருக்கீங்க?"

"எல்லா வீட்டு சுவிட்சும் அணையட்டும். அப்புறம் எந்திரிக்கிறேன்."

"எதிர்வீட்டுக்காரங்க அணைக்கட்டும், நானும் அணைக்கிறேன்."

"அவங்களும் உன்னைத்தான் சொல்றாங்க. ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடமோ?"

வாத்தியார் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "அரை மணி போச்சும்மா! பொம்பளைக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது."

"போகட்டும் சார். கடிகாரம் நாளைக்கும் ஓடும். மோட்டார் எரிஞ்சா ஓடாது."

வாய்தான் அப்படிச் சொன்னது. தையல்காரி வீட்டில் பிள்ளை பெற்று ஒன்பது நாள் ஆன மகள் இருந்தாள். மோட்டார் அக்காவின் கண் தையல்காரியின் காலிக் குடத்துக்கே போய்ப் போய் வந்தது. ஆனாலும் மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் முணுமுணுத்துக்கொண்டே வாத்தியார் போய் அணைத்தார். பிறகு தையல்காரி, எதிர்வீடு, அடுத்த வரிசை. தெரு அடங்கியது. ஒரே ஒரு இரைச்சல் மட்டும் மிச்சம் இருந்தது.

தையல்காரி காதைச் சாய்த்துக் கேட்டாள். "அக்கா... அது உங்க வீடு."

இரவு வேலை முடித்து வந்த புருஷன் சுவிட்சைத் தட்டிவிட்டுப் படுத்திருக்கிறார்! மோட்டார் அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனாள். அணைத்ததோடு விடவில்லை, மோட்டாரையே கழற்றிக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே வந்தார். "அதை எங்கடி தூக்கிட்டுப் போறே?"

"அதோட அம்மா வீட்டுக்கு!"

தெருவே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அதைப் பம்ப் அறை மூலையில் வைத்துவிட்டு, பீஸ் கட்டைகளைச் சொருகினாள். முள் எழுந்து நின்றது. பெரிய மோட்டார் முனகாமல் பிடித்துக்கொண்டது.

அவள் வீடு மேட்டில், கடைசியில் இருந்தது. குழாயில் நூல் மாதிரி ஒழுகி, அரைக் குடம் சேர்வதற்குள் கரண்ட் போய்விட்டது.

"ஏன் குளிக்காம வந்தேன்னு வேலையில கேட்டா என்ன சொல்ல?" என்றார் புருஷன்.

"ஆத்துல தண்ணி இல்லைன்னு சொல்லுங்க. ஊருக்கு நீங்க அதைத்தானே சொல்றீங்க!"

மறுநாள் தையல்காரியும் தன் மோட்டாரைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். வாத்தியார் தரவில்லை. "அணைச்சு வைக்கிறேன், அது போதும்" என்றார். மோட்டார் அக்கா வாதாடவில்லை. கரண்ட் வந்ததும் பீஸ் கட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு, மற்ற வீடுகள் அடங்கியிருந்தும் வாத்தியார் வீட்டுப் பக்கம் ஒரு காதைக் கொடுத்துக் கேட்டாள். அங்கே சத்தமில்லை என்று தெரிந்த பிறகுதான் எழுந்தாள்.